குடை பிடித்த நரி

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க. கையைக் கழுவிட்டீங்கல்ல? தப்பா நினைக்காதீங்க, கையில பிசுக்கு இருந்தா நான் ஆல்பத்தைத் திறக்க மாட்டேன். போன மாசம் தூத்துக்குடியிலேருந்து ஒருத்தர் வந்தாரு, பஸ்ஸ்டாண்டுல மிக்சர் தின்ன கையோட. வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன்.

தீப்பெட்டிப் படம் பாக்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசிக்குவோம். நீங்க கோயம்புத்தூர்லேருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. சாத்தூர்ல இறங்குனதும் எங்க லேபிள் சங்கத்து ஆளு யாரையாவது பாத்தீங்களா? பாத்திருப்பீங்க. உங்க மூஞ்சியே சொல்லுது. இந்தக் குருவையா அண்ணாச்சி ஒரு மாதிரின்னு சொல்லியிருப்பாங்க. தண்ணிக் கிண்ணத்தைப் பத்திச் சொல்லிச் சிரிச்சிருப்பாங்க. அவனுங்க சொன்னதைக் கேட்டுட்டுத்தானே வந்திருக்கீங்க, இப்ப நான் சொல்றதையும் கேளுங்க. கேட்டாத்தான் படம். கேக்காம படம் கிடையாது.

செண்பகம், தம்பிக்கு ஒரு காபி போடு. சீனி கம்மியாப் போடு, நேத்து பாயசமாப் போட்டுக் கொண்டாந்த.

இவ என் சம்சாரம். ஆளு வந்தா வாயைத் திறக்க மாட்டா. நீங்க அதைக் கண்டுக்காதீங்க.

நான் கட்பீஸ் துணிக்கடை வெச்சிருந்தவன். இப்ப மகன் பாக்குறான். ஆயுசு பூரா துணி அளந்து குடுத்தவன் தம்பி, ஒருத்தன் வந்து அளவு கொறஞ்சுச்சுன்னு சொன்னதில்லை. துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு அளப்போம், அது எல்லாக் கடையிலயும் உள்ளது, அதுக்குப் பேரு ஏமாத்து இல்லை. தீப்பெட்டி லேபிள் சேக்குறது எனக்கு அப்ப இருந்தே உண்டு. சிலபேரு சீட்டாடுறான், சிலபேரு வேற எங்கயோ போறான். நான் லேபிள் சேத்தேன். ஊரு சிரிச்சுச்சு. இந்த நரி கையில வந்ததுக்கப்புறம் ஒரு பய சிரிக்கலை.

நரின்னா சாதா நரி இல்லை. பின்னங்கால்ல நிக்கும். முன்னங்கால்ல செவப்புக் குடை பிடிச்சிருக்கும். மேல மழை பெய்யும். யுத்த காலத்துல இதே சாத்தூர்ல ஒரு சின்னக் கம்பெனி போட்ட லேபிள். வந்த வேகத்துல கம்பெனியை மூடிட்டான். லேபிள்காரங்க எல்லாரும் இந்த நரியைக் கேள்விப்பட்டதோட சரி, கண்ணால பாத்தவன் கிடையாது. அது என்கிட்ட வந்துச்சு. என்கிட்ட மட்டும்.

எப்படி வந்துச்சுன்னா, சிவகாசிப் பக்கம் ஒரு கணக்குப்பிள்ளை. அந்தக் கம்பெனியில வேலை பாத்தவரோட மகன். அவரு செத்துப்போயிட்டாரு. வீட்டுல ஒரு டிரங்குப்பெட்டி நெறைய பழைய தீப்பெட்டி கெடக்குன்னு சேதி வந்துச்சு, போனேன். அவரு சம்சாரம் பெட்டியைத் தொறந்து காட்டிட்டு, "இதெல்லாம் ஏதும் பெறுமாய்யா"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்லணும்? "கரையான் அரிச்சிரும்மா, அதுபோக தீப்பெட்டி, வீட்டுல வெச்சிருக்குறது ஆபத்து"ன்னு சொன்னேன். அதுல பொய் என்ன இருக்கு? தீப்பெட்டி ஆபத்தா இல்லையா?

சும்மா தூக்கிட்டு வரலை. எடை போட்டு வாங்குனேன். தராசு கூட அவுங்க வீட்டுத் தராசு. பழைய பேப்பர்காரன் குடுக்குறதுக்கு மேலேயே குடுத்தேன். கெளம்பும்போது மோர் குடுத்தாங்க, வாசல் வரைக்கும் வந்து கும்பிட்டாங்க. ஏமாந்தவங்க கும்பிடுவாங்களா, நீங்களே சொல்லுங்க.

வாங்குறவன் வாங்குற வேலையைப் பாக்கணும் தம்பி. இது இவ்வளவு பெறும்னு சொல்லிக் குடுக்குறதுக்கு நான் என்ன விக்கிறவனுக்கு மாமனா மச்சானா? ஆனா விக்கிறவன் கதை வேற. அவன் எல்லாத்தையும் சொல்லணும். கிழிசல்னா கிழிசல், ஒட்டுன்னா ஒட்டு. மறைக்கக் கூடாது. இதுல நான் ரொம்ப கறார்.

அந்த நரி வந்ததுக்கப்புறம் சங்கக் கூட்டத்துக்கு நான் போனா எந்திரிச்சு நிப்பாங்க. "நரி அண்ணாச்சி வந்துட்டாரு"ம்பாங்க. டீ முதல்ல எனக்குத்தான் வரும். மதுரையில கண்காட்சி வெச்சாங்க, என் படத்துக்கு மட்டும் தனி மேஜை, மேல கண்ணாடி. துணிக்கடையில நான் எவ்வளவு சம்பாதிச்சிருக்கேன், ஒருத்தன் எந்திரிச்சு நின்னதில்லை தம்பி. பெத்த மகன் எந்திரிக்க மாட்டான்.

இப்ப அந்தச் சேவியர் கதைக்கு வர்றேன்.

இந்த ஊர்க்காரன்தான். வேற தொழில் கிடையாது. ஊரு ஊராப் போயி, பழைய அச்சாபீஸ், மூடுன கம்பெனி, கெழவன் கெழவி இருக்குற வீடுன்னு நொழைஞ்சு லேபிள் வாங்கியாந்து சங்கத்துல விப்பான். அதுலதான் பொழப்பு, அதுலதான் மக நர்சிங் படிச்சுக்கிட்டிருந்துச்சு. எனக்கே எத்தனையோ படம் குடுத்திருக்கான். கிழிஞ்சு ஒட்டுப்போட்ட படமா இருந்தா பின்னாடி பென்சில்ல ஒரு புள்ளி வெச்சிருவான். நாம கேக்கவே வேண்டாம். "அண்ணாச்சி, இதுல மூலையில ஒட்டு இருக்கு, பாத்து வாங்கிக்கங்க"ம்பான். எல்லாரும் அதைப் பெருமையாப் பேசுவாங்க. எனக்கு அப்பவே தெரியும், அது தந்திரம்னு. சின்னச் சின்ன விஷயத்துல யோக்கியனா நடந்தாத்தானே பெரிய விஷயத்துல நம்புவாங்க. இல்லைன்னா எந்த வியாபாரி தன் சரக்குல உள்ள சொட்டையைத் தானே எடுத்துக் காட்டுவான்? நான் காட்டுனதில்லையே.

அன்னைக்கு ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹால்ல கூட்டம். நான் போயி உக்காந்தேன். டீ வந்துச்சு. ஒரு வாய் குடிக்கலை, இவன் பையில இருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜையில வெக்கிறான். பாத்தா நரி.

அதுவும் ஒட்டாத படம் தம்பி. உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். பெட்டியில ஒட்டிக் கழட்டுன படம் ஒரு ரகம். அச்சாபீஸை விட்டு வெளிய போகாம, பசையே படாம கெடக்குற படம் இன்னொரு ரகம். அதுக்குத்தான் மதிப்பு. என்னுது கழட்டுனது. அவன் கொண்டாந்தது ஒட்டாதது. குடை அப்படியே மிளகாப்பழம் மாதிரி இருக்கு.

ஹால்ல இருந்தவன் பூராவும் எந்திரிச்சு அவன் பக்கம் போயிட்டான். எங்க செயலாளர் பரமானந்தம், எப்பவும் என் பக்கத்துல ஒட்டிக்கிட்டு உக்காருற மனுசன், அவரும் போயிட்டாரு. போனவரு அங்கேருந்து திரும்பி, "அண்ணாச்சி, இதைப் பாத்தா உங்களுது சலவைக்குப் போட்டு வந்த மாதிரியில்ல இருக்கு"ன்னு சொல்லிச் சிரிக்கிறாரு. என் படத்துல குடை கொஞ்சம் வெளுத்திருக்கும். பழசுன்னா அப்படித்தான் இருக்கும்னு நான் சொல்லி வெச்சிருந்தேன். இத்தனை நாளும் தலையாட்டுனவங்கதான் அவங்க எல்லாரும். அன்னைக்கு அத்தனை பேரும் சிரிச்சாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? வயிறு எரிஞ்சுச்சு தம்பி. மறைக்கலை, வயிறு எரிஞ்சுச்சு.

எங்க சங்கத்துல ஒரு முறை இருக்கு. ஒரு படத்து மேல சந்தேகம்னா குசுகுசுன்னு பேசக் கூடாது. எந்திரிச்சு நின்னு சபையில சொல்லணும். சொல்லிட்டா விக்க வந்தவனுக்கு ரெண்டு வழி. படத்தைப் பையில போட்டுக்கிட்டுப் போயிரலாம், ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. இல்லைன்னா அவனே தண்ணி கேக்கலாம். கிண்ணத்துல வெதுவெதுன்னு வெந்நி வெச்சு, படத்தை அதுல போடுவோம். அச்சாபீஸ் மை அசையாது. இப்ப கம்ப்யூட்டர்ல பிரிண்ட் எடுத்துப் பழசு மாதிரி விக்கிறானுங்களே, அது போட்டதும் கரைஞ்சு ஓடிரும். கரைஞ்சா, அன்னைக்கே அவனுக்கும் சங்கத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவன்கிட்ட ஒரு லேபிள்காரனும் வாங்க மாட்டான்.

நான் எந்திரிச்சேன். "எனக்குச் சந்தேகம்"னேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான் சொன்னேன்.

அவன் படத்தைப் பையில போட்டிருக்கலாம்ல? போட்டிருந்தா இந்தப் பேச்சே கிடையாது. போடலை. ராங்கி. என்னையே பாத்துக்கிட்டு நின்னான். "அண்ணாச்சி, உங்ககிட்ட இதே படம் இருக்கு. நீங்கதான் பெட்டியில இருந்து ஊற வெச்சுக் கழட்டுனீங்க. கலர் நின்னுச்சுல்ல?"ன்னு கேட்டான்.

சபையில வெச்சு என்னைக் கேள்வி கேக்குறான். நான் சொன்னேன், "என் படத்தைப் பத்தி இங்க பேச்சு இல்லை. நான் விக்க வரலை. நீதான் விக்க வந்திருக்க"ன்னேன். நியாயமா இல்லையா?

அதுக்கு அவன், "கலர் போயிருந்தா நீங்க சொல்லாம இருக்க மாட்டீங்க அண்ணாச்சி. சொல்லலைன்னா நின்னுருக்கும்"னான். சொல்லிட்டு, "தண்ணி கொண்டாங்க"ன்னான்.

அவனாக் கேட்டான். நான் கேக்கலை. இதை நல்லா மனசுல வெச்சுக்கங்க, ஏன்னா வெளிய இதை மாத்திச் சொல்லிக்கிட்டுத் திரியிறானுங்க.

கிண்ணம் வந்துச்சு. போட்டான். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்லை. அப்புறம் குடையில இருந்து செவப்பு நூல் நூலாப் பிரிஞ்சு வருது. அவன் படக்குனு கையை விட்டு எடுத்தான், எடுக்குறதுக்குள்ள தண்ணி பூராவும் செவப்பு. நரி கையில குடைக்கம்பி மட்டும்தான் நிக்குது.

பரமானந்தம்தான் தொண்டையைச் செருமிக்கிட்டு, "சேவியர், முறை தெரியும்ல"ன்னாரு. "தெரியும் சார்"னான். கைக்குட்டையை விரிச்சு, படத்தை அதுல வெச்சு, ஒத்தி ஒத்தி எடுத்தான். நேரா என்கிட்ட வந்தான். "எனக்கே புரியலை அண்ணாச்சி. பழைய அச்சாபீஸ் பீரோவுல நான் என் கையால எடுத்தது"ன்னான். பாத்தீங்களா, அப்பவும் விடலை. அழுதுட்டாவது போயிருக்கலாம்.

காபி ஆறுது பாருங்க, குடிங்க.

அவன் பொழப்பு போச்சுன்னு சொல்றாங்க. போகாம? போலி விக்கிறவன்னு பேரு வாங்குனவன்கிட்ட எவன் வாங்குவான்? இப்ப பெட்ரோல் பங்க்ல நிக்கிறான். மக படிப்பை நிறுத்திட்டு, என் மகன் கடைக்கே வேலை கேட்டு வந்துச்சு. மகன் சேத்துக்குவோம்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன். அப்பன் இப்படி, மகளைக் கொண்டாந்து கல்லாப்பெட்டி பக்கத்துல நிறுத்த முடியுமா? என் ஸ்கூட்டருக்கு அந்த பங்க்தான் பக்கம், வேற வழியில்லை, போக வேண்டியிருக்கு. போனா, "வணக்கம் அண்ணாச்சி, ஜீரோ பாத்துக்கங்க"ங்கிறான். ஒவ்வொரு தடவையும். ஜீரோ பாத்துக்கங்கன்னு எனக்குச் சொல்றான். கொழுப்புதானே அது?

சரி, அவனோட போச்சுன்னு இருந்தா, இந்தச் சங்கத்துக்காரனுங்க என் பக்கம் திரும்புறானுங்க. அடுத்த கூட்டத்துல ஒருத்தன் கேக்குறான், "அண்ணாச்சி, உங்களுதையும் ஒரு தடவை தண்ணி காட்டிருவோமா"ன்னு. பரமானந்தம் வீட்டுக்கே வந்துட்டாரு. "ஒரு ஓரத்தை மட்டும் நனைச்சுக் காட்டிருங்க அண்ணாச்சி, பேச்சு அடங்கிரும்"னாரு. நான் ஏன் நனைக்கணும்? போலியைப் பிடிச்சுக் குடுத்தவன் நான். திருடனைப் பிடிச்சுக் குடுத்தவன் வீட்டையே சோதனை போடுவாங்களா? முடியாதுன்னுட்டேன். அதுலேருந்து எவனும் எந்திரிக்கிறதில்லை. டீ கடைசியா வருது, சில நாள் வர்றதே இல்லை. போன கண்காட்சியில என் மேஜையில ஒருத்தன் பழைய பஸ் டிக்கெட்டை அடுக்கி வெச்சிருந்தான். அதை நாலு பேரு குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. பஸ் டிக்கெட்டை.

அதான் முடிவு பண்ணிட்டேன். இந்த நரி இந்த ஊருல இருக்கக் கூடாது. இவனுங்க கண்ணுல படாத ஊருக்குப் போகட்டும்னுதான் உங்களுக்கு போன் போட்டேன்.

இந்தாங்க, பாருங்க. லென்ஸ் வேற கொண்டாந்திருக்கீங்களா? பாருங்க, நல்லாப் பாருங்க. மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்குற மாதிரியே பாருங்க. நான் ஒண்ணும் சொல்லலை. இங்க யாருக்கும் யார் மேலயும் நம்பிக்கை கிடையாது, எல்லாம் அந்தச் சேவியர் பண்ணி வெச்ச வேலை.

என்ன? ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கா? பழசுன்னா முழுசா வெளுக்கணுமா?

வெயில் பட்டதான்னு கேக்குறீங்க. கேப்பீங்க. வெயில் பட்ட படம்னா பாதி விலைக்கு அடிக்கலாம்ல. நானும் உங்களை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருப்பேன். கண்காட்சிக்குப் போன நாள் தவிர என் ஆல்பம் பீரோவை விட்டு வெளிய வந்ததில்லை தம்பி. வெயிலாவது ஒண்ணாவது. அது கழட்டும்போது வந்தது. ஊறட்டும்னு தண்ணியில போட்டேன், போட்டுட்டு இந்தப் பக்கம் திரும்பலை, செவப்பு கரைய ஆரம்பிச்சிருச்சு. பதறிப்போயி எடுத்துட்டேன். எடுக்கப் போயித்தான் குடை மிஞ்சுச்சு. வேணும்னா இவளைக் கேளுங்க. கிண்ணத்தைப் பாத்துட்டு, "என்னங்க, பீட்ரூட் கழுவுன தண்ணியா"ன்னு கேட்டா. கேட்டியா இல்லையா, சொல்லேன். பாருங்க, கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதை.

யுத்த காலம் தம்பி. நல்ல மை எங்க கெடைச்சுச்சு? ஏதோ சேலைக்குப் போடுற சாயத்தைக் கலந்து அடிச்சு விட்டிருக்கான். நான் துணிக்காரன், பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அந்தச் செவப்பு தண்ணியில நிக்காது. நிக்காம இருக்குறதுதான் இது அசல்ங்கிறதுக்கே அடையாளம். ஒரு ஓரத்துல ஒரு சொட்டு விட்டுப் பாக்கவான்னு நீங்க கேட்டாலும் விட மாட்டேன். விட்டா கரைஞ்சிரும். அசல்னால கரையும்.

என்ன தம்பி, லென்ஸைக் கீழ வெச்சுட்டீங்க?

சேவியர் படமா?

அது வேற, இது வேற. அவன் விக்க வந்தான். விக்க வந்தவன் தன் சரக்கைத் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டாமா? எனக்குத் தெரிஞ்சுச்சு, அவனுக்குத் தெரியலை, அது என் தப்பா? சந்தேகம்னுதான் நான் சொன்னேன். போலின்னு ஒரு வார்த்தை என் வாயில வந்துச்சான்னு கேட்டுப் பாருங்க. தண்ணி கேட்டது அவன். போட்டது அவன். ஒதுக்கி வெச்சது சங்கம். நான் செஞ்சது என்ன? சும்மா நின்னேன். சும்மா நிக்கிறதுக்குப் பேரு பொய்யா?

எங்க கெளம்புறீங்க? இன்னும் விலையே பேசலை. விலையில வேணும்னா கொஞ்சம் முன்னப்பின்ன பாத்துக்கலாம்.

எந்த பங்க்குன்னு எதுக்குக் கேக்குறீங்க? அவன்கிட்ட என்ன இருக்குன்னு போறீங்க? வெறும் குடைக்கம்பி வெச்சிருக்கான். அதை வாங்கவா கோயம்புத்தூர்லேருந்து வந்தீங்க?

பாத்தீங்களா, "பாலம் தாண்டி இடது கைப்பக்கம்"னு சொல்றா. ஆளு வந்தா வாயைத் திறக்காதவ, இதுக்கு மட்டும் வாய் வருது. உள்ள போ செண்பகம். உன்னை யாரும் கேக்கலை.

சரி, போறதுன்னா போங்க. உங்க இஷ்டம். நீங்க இல்லைன்னா வாங்குறதுக்கு வேற ஆள் வராமலா போயிருவான். ஒரே ஒரு விஷயம். இந்தப் படம் தண்ணியில கரைஞ்ச கதையை மட்டும் அவன்கிட்டயோ வெளியிலயோ சொல்லிறாதீங்க. சாயம் போன படம்னு தெரிஞ்சா விலை விழுந்துரும். நீங்க யோக்கியமான ஆளுன்னு நம்பித்தானே தம்பி உங்ககிட்ட சொன்னேன்.